கஞ்சா எண்ணெயும் நாற்பது பக்க நோட்டும்

எங்கள் வீட்டில் கஞ்சா என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கம்பத்தில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சொல் ஒரு வசவு, இல்லையென்றால் போலீஸ் ஜீப். வருசநாட்டு மலையில் செடி வளர்த்தவர்கள், இடுக்கிக் காட்டுக்குள் போய் வெட்டி எரித்தவர்கள், மாட்டிக்கொண்டு உள்ளே போனவர்கள் என்று கதை கேட்டே வளர்ந்தோம். அப்படிப்பட்ட ஊரில், ஐம்பத்தாறு வயதில், ஏலக்காய்க் கமிஷன் கடை நடத்துகிற நான் டாக்டர் சீட்டோடு கஞ்சா இலைச் சாரம் வாங்கி நாக்குக்கு அடியில் விட்டுக்கொண்டேன். ஒரு வருடம் ஆகப்போகிறது. தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பாதிப் பேர் தனியாகக் கூப்பிட்டு, "அது என்ன எண்ணெய், எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துபோனதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காரணம் இடுப்பு. கேரள மலையில் இருக்கும் வண்டன்மேட்டுக்கும் புற்றடிக்கும் முப்பது வருடம் ஜீப்பில் ஏறி இறங்கிய இடுப்பு. கம்பமெட்டுச் சாலையின் ஒவ்வொரு குழியும் என் தண்டுவடத்தில் பதிவாகியிருக்கிறது என்று எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீழ் முதுகில் வட்டு பிதுங்கியிருந்தது. வலது காலில் சுண்டி இழுக்கும் வலி. வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கியதில் வயிறு புண்ணானது. நரம்பு வலிக்குக் கொடுத்த இன்னொரு மாத்திரை பகலெல்லாம் தூங்கவைத்தது. இரவு இரண்டு மணிக்கு மட்டும் டாண் என்று விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

பெங்களூரில் இருக்கும் அக்கா மகன்தான் முதலில் பேச்சை எடுத்தான். "மாமா, இங்கே அலுவலகத்தில் பலர் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் எடுத்துக்கொள்கிறார்கள். போதை கிடையாது. வலிக்கும் தூக்கத்துக்கும் நல்லது என்கிறார்கள்" என்றான். "என்ன மாப்பிள்ளை, இந்த வயதில் என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு இணைப்பை அனுப்பினான். அதில் பச்சைப் பாட்டில் ஒன்று, மேலே ஏழு விரல் இலைப் படம். விலை தொள்ளாயிரத்துச் சொச்சம். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு பாட்டில் வாங்கினேன்.

மூன்று மாதம் தினமும் ஒரு தேக்கரண்டி குடித்தேன். வலி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதில் நான் கண்ட ஒரே பலன், காலையில் வயிறு சுத்தமாகப் போனதுதான். ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை முதல் முறையாக முழுக்கப் படித்தேன். 'ஹெம்ப் விதை எண்ணெய்' என்று எழுதியிருந்தது. சிபிடி என்ற எழுத்துகள் எங்குமே இல்லை.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஹெம்ப் என்பதைத் தமிழில் சிலர் சணல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டு, சாக்குப்பை எண்ணெயையா மூன்று மாதமாகக் குடித்தீர்கள் என்று கேட்டாள். நம் ஊர்ச் சணல் வேறு செடி. ஹெம்ப் என்பது போதைச் சத்து குறைந்த கஞ்சா வகைதான். அதன் விதையில் நல்ல கொழுப்பும் புரதமும் உண்டு, போதை தரும் பொருள் கிட்டத்தட்டக் கிடையாது. உத்தராகண்டில் அந்த விதையை வறுத்துத் துவையல் அரைக்கிறார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க அனுமதி கொடுத்தது. அந்த விதிப்படி ஒரு கிலோ பொருளில் சிபிடி 75 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏலக்காய்க் கணக்குப் பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஐந்து கிராமுக்குள்தான். அதில் அதிகபட்சமாக இருந்தாலும் அரை மில்லிகிராம் சிபிடி தேறாது. நான் குடித்தது நல்லெண்ணெய்க்குத் தம்பி முறை. மிச்சமிருந்த ஒன்றரைப் பாட்டிலை என் மனைவி இட்லிப் பொடிக்கு ஊற்றிக் காலி செய்தாள். கொஞ்சம் முந்திரி வாசம், கொஞ்சம் புல் வாசம். பேரனுக்குப் பிடித்திருந்தது.

ஆகவே இலைப் படத்தை நம்பாதீர்கள். லேபிளில் உணவு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மட்டும் இருந்தால் அது சாப்பாட்டுச் சாமான். மருந்து என்றால் ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்கான உரிம எண் இருக்கும், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும் என்ற எச்சரிக்கை இருக்கும், கஞ்சா என்று போடாமல் 'விஜயா' என்று போட்டிருப்பார்கள். ஆயுர்வேதத்தில் அந்தச் செடிக்கு அதுதான் பெயர். இரண்டு எண்ணும் இல்லாத பாட்டில் எத்தனை அழகாக இருந்தாலும் கையில் எடுக்க வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்கான வழிக்கு வந்தேன். குமுளிக்கு அந்தப் பக்கம், மலைமேல் ஆயுர்வேத மருத்துவமனை வைத்திருக்கும் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். மலையாளி, எஸ்டேட் தொழிலாளர்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். விஜயா என்று நான் வாயெடுத்ததும் மருந்தைப் பற்றிப் பேசாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள், பெயர் தெரியாவிட்டால் அட்டையைக் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்டா? வலிப்பு மருந்து உண்டா? கல்லீரலில் கோளாறு? நெஞ்சு படபடப்பு? கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா சேட்டா? வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்" என்றார்.

ஏன் இத்தனை கேள்வி என்று கேட்டேன். செடியில் பல பொருட்கள் இருந்தாலும் நமக்கு முக்கியம் இரண்டு. டிஎச்சி போதை தருவது, சிபிடி போதை தராதது. போதை தருகிற பொருளைத் தனியாகப் பிரித்து அடையாளம் காட்டியது 1964இல், இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் அவருடைய குழுவும். சிபிடி போதை தராது என்பதால் சாது என்று நினைத்துவிடக் கூடாது. நம் கல்லீரல் மற்ற மாத்திரைகளைக் கரைக்கப் பயன்படுத்தும் அதே நொதிகளில் அது குறுக்கே நிற்கிறது. வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் அதிகமாக இளகிவிடலாம். குளோபாசம் என்ற வலிப்பு மருந்து எடுப்பவருக்கு மயக்கம் கூடலாம். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் நொதி அளவு ஏறலாம். 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்குச் சிபிடி மருந்தை அனுமதித்தபோதே இந்த எச்சரிக்கைகளும் கூடவே வந்தன. டிஎச்சிக்கு வேறு பட்டியல். இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், இருபத்தைந்து வயதுக்குக் கீழே மூளை இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள், மனச்சிதைவு நோய் ரத்தத்தில் ஓடும் குடும்பம் ஆகியோருக்கெல்லாம் ஆகாது. எனக்கு ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான். அதைக் குறித்துக்கொண்டு, "எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரியை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

சட்டத்தையும் அவரே விளக்கினார். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூக்கும், காய்க்கும் நுனி. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. அந்த இடைவெளியில்தான் இலைச் சாரத்தை உரிமம் பெற்று ஆயுர்வேத மருந்தாகச் செய்கிறார்கள். அதற்காக இலையைப் பறித்து வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை, இலைக்கு மாநிலங்களின் கலால், மதுவிலக்குச் சட்டங்கள் தனியாக இருக்கின்றன. தொட்டியில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு நம்பிக்கை உலவுகிறது: ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் கேஸ் கிடையாது என்று. சுத்தப் பொய். ஒரு கிலோவரை 'சிறிய அளவு' என்று சட்டம் சொல்கிறது, அதற்கும் ஒரு வருடம்வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இருபது கிலோவைத் தாண்டினால் பத்து வருடத்துக்குக் குறையாது.

மருந்து வந்தது. முப்பது மில்லி கறுப்புக் கண்ணாடிப் பாட்டில், மூடியில் சொட்டு விடும் ஃபில்லர். லேபிளில் பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம். இந்த எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது என்று மருத்துவர் ஒரு தாளைக் காட்டினார். அது ஆய்வகப் பரிசோதனை அறிக்கை. ஆயிரம் என்பது மொத்தச் சாரத்தின் எடை. அதற்குள் சிபிடி 300, டிஎச்சி 300, மீதி மற்றவை. பாட்டிலின் தொகுதி எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று என்னையே பார்க்கச் சொன்னார். 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்தபோது, லேபிளில் சொன்ன அளவு ஏறத்தாழ 31 சதவீதப் பொருட்களில் மட்டுமே சரியாக இருந்தது. 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. அங்கேயே அந்த லட்சணம் என்றால் இங்கே அறிக்கை கேட்காமல் வாங்குவது மூட்டையைப் பிரிக்காமல் காய் வாங்குகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எவர்சில்வர் தட்டில் சொட்டு எண்ணினேன். ஃபில்லரை ஒரு மில்லி கோடுவரை நிரப்பி, நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு சொட்டாகத் தட்டில் விட்டேன். பச்சையும் பழுப்புமாக, விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக விழுந்தது. இருபத்தெட்டு. இன்னொரு முறை எண்ணினேன். இருபத்தெட்டு. இரண்டு மில்லி வீணாயிற்று என்று என் மனைவி தட்டை வழித்து எடுக்கப் பார்த்தாள், தடுத்துக் கழுவச் சொன்னேன். ஆனால் அந்த இரண்டு மில்லிதான் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம். ஒரு மில்லியில் டிஎச்சி 10 மில்லிகிராம் என்றால் ஒரு சொட்டில் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மூன்று சொட்டு விட்டால் ஒரு மில்லிகிராம். உங்கள் ஃபில்லரில் சொட்டு பெரிதாக இருந்தால் கணக்கு மாறும். அதனால் அடுத்தவர் சொன்ன சொட்டுக் கணக்கைக் கடன் வாங்காதீர்கள்.

மருத்துவர் சொன்ன முறை இது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கையில் உட்கார்ந்து, மூன்று சொட்டு நாக்குக்கு அடியில். ஒரு நிமிடமாவது வைத்திருந்து விழுங்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு சொட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரே இரவில் இரண்டாம் முறை எடுக்கவே கூடாது. அவ்வளவுதான். ஏலக்காய்க்கு மருந்தடிக்கிற அளவைச் சரியாகக் கலக்கத் தெரிந்த எனக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, நேரம், சொட்டு, எத்தனை மணிக்கு விழிப்பு, வலி பத்துக்கு எத்தனை என்று கோடு போட்டேன்.

முதல் பத்து நாள் நோட்டில் சுவாரசியம் எதுவும் இல்லை. வாய் கொஞ்சம் உலர்ந்தது. ஐந்து சொட்டுக்கு வந்தபோது ஒருநாள் இரண்டு மணிக்குப் பதில் மூன்றரைக்கு விழிப்பு. பொறுமை அத்தோடு தீர்ந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. கொழுப்பு மிதக்க இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டேன். பத்து மணிக்கு, ஆறு வர வேண்டிய இடத்தில் ஏழு சொட்டு விட்டேன். பத்தே முக்கால்வரை எதுவும் இல்லை. காலில் இழுப்பு வேறு அதிகமாக இருந்தது. இது தண்ணி மருந்து என்று முடிவு கட்டி, ஃபில்லரை நிரப்பி, ஒரு மில்லியையும் வாயில் ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டேன். நோட்டில் எழுதவில்லை. திருடனுக்குத்தான் தெரியுமே எதை எழுதக் கூடாது என்று.

பன்னிரண்டு மணி வாக்கில் சிறுநீர் கழிக்க எழுந்தேன். மருத்துவர் சொன்ன 'மெதுவாக' நினைவில் இல்லை. எழுந்த வேகத்தில் அறை ஒரு பக்கமாகச் சரிந்தது. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் காதுக்குள் சுத்தியல் அடிக்கிற மாதிரி கேட்டது. இரண்டு சத்தங்களுக்கு நடுவே ஒரு யுகம் போனது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. முடிந்தது கதை, மாரடைப்பு என்றே நினைத்தேன். என் மனைவி விளக்கைப் போட்டாள். அவள் முகம் மிகத் தொலைவில் இருந்தது. ரத்த அழுத்தக் கருவியை மாட்டினாள்: 98க்கு 60, நாடித்துடிப்பு 118. அவள் 108க்கு அடிக்கப் போனாள், நான் அக்கா மகனுக்கு அடி என்றேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்த அவன் முதலில் கேட்டது, "எத்தனை சொட்டு மாமா?"

ஏழு சொட்டில் இரண்டரை மில்லிகிராம். ஃபில்லரில் பத்து. பன்னிரண்டரை மில்லிகிராம் டிஎச்சி, பழக்கமே இல்லாத உடம்புக்கு. வாய்வழி எடுத்தால் வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். கொழுப்புச் சாப்பாட்டோடு சேர்ந்தால் உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். விழுங்கிய டிஎச்சியைக் கல்லீரல் இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. ஆறு மணி, எட்டு மணி நேரம்கூட நிற்கும். இதெல்லாம் அந்த இரவு ஃபோனில் அவன் சொன்னது. எனக்கு அப்போது ஒன்றும் ஏறவில்லை. ஏறியது மூன்றுதான்: படுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள், அத்தை பக்கத்திலேயே இருக்கட்டும். நெஞ்சு வலி, நினைவு தப்புதல், நிற்காத வாந்தி, இல்லாததைப் பார்ப்பது என்று ஏதாவது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே என்ன எடுத்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். நல்லவேளை, அதற்கு அவசியம் வரவில்லை. மூன்றரை மணிக்குத் தூங்கினேன். மறுநாள் மதியம்வரை தலைக்குள் பஞ்சு. கடைக்குப் போகவில்லை, ஸ்கூட்டரைத் தொடவில்லை. என் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. பாட்டிலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்றுவரை சாவி அவளிடம்தான். நாலு வயதுப் பேரன் இருக்கும் வீட்டில் அது இருமல் மருந்துக்குப் பக்கத்தில் இருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மருத்துவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். கோபிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார். "எழுதாத நாளில்தான் எல்லோருக்கும் இப்படி ஆகிறது" என்றார். பத்து நாள் நிறுத்தச் சொல்லி, மறுபடி மூன்று சொட்டிலிருந்து ஏறச் சொன்னார்.

அந்தப் பயணத்தில்தான் இன்னொன்று நடந்தது. பாட்டிலையும் காட்டலாம் என்று பையில் வைத்திருந்தேன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி எல்லையைத் தொட்டதும் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. எங்கள் பக்கத்திலிருந்து மேலே போகும் வண்டிகளில் இது வழக்கம்தான். இளம் அதிகாரி ஒருவர் என் பையைத் திறந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இலைப் படம் பஸ்ஸுக்கே தெரிந்தது. "இதெந்தா சேட்டா?" என்றார். மருந்து என்றேன். எனக்கே என் குரல் சரியாகப் படவில்லை. மருந்துச் சீட்டு, ரசீது, ஆய்வக அறிக்கை மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் மேலதிகாரியிடம் கொண்டுபோனார். மேலதிகாரி அட்டைப் பெட்டியில் இருந்த உரிம எண், தொகுதி எண் எல்லாவற்றையும் தாளோடு ஒப்பிட்டுப் படித்து, ஏதோ குறித்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார். மொத்தம் பத்து நிமிடம். மரியாதைக் குறைவாக ஒரு சொல் வரவில்லை. ஆனால் பஸ்ஸில் எங்கள் தெரு ஆள் ஒருவர் இருந்தார். சாயங்காலம் நான் கம்பம் திரும்புவதற்குள் செய்தி திரும்பியிருந்தது.

சிறிய பாட்டிலில் மாற்றி எடுத்துப் போ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அன்றைக்கு என் கையில் லேபிள் இல்லாத பாட்டில் இருந்திருந்தால் அது மருந்து என்று நான் எப்படி நிரூபித்திருப்பேன்? அட்டைப் பெட்டி, சீட்டு, ரசீது எல்லாம் ஒரே உறையில் இருக்க வேண்டும், சீட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டுக்கு, முக்கியமாக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும், டாக்டர் சீட்டு இருக்கிறது என்று நம்பிக் கொண்டுபோகவே வேண்டாம். துபாயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனபோது பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன்.

அக்கா மகன் நடுவே கரடிப் பொம்மை வடிவக் கஞ்சா மிட்டாய் விளம்பரம் அனுப்பினான், அளவு சரியாக இருக்குமாம். குழந்தை உள்ள வீட்டுக்கு மிட்டாய் வடிவ மருந்தா என்று கேட்டு நிறுத்திவிட்டேன். புகைப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். பூவைப் புகைப்பது சட்ட விரோதம், புகை நுரையீரலுக்குப் புகைதான், தவிர தெருவில் விற்கும் பொட்டலத்துக்கு எந்த ஆய்வகம் அறிக்கை கொடுக்கும்? பேனா மாதிரி ஆவி உறிஞ்சும் கருவிகள் 2019லேயே இந்த நாட்டில் தடையாகிவிட்டன.

இதற்குப் பிறகு வந்தவர்களில் என்னை யோசிக்கவைத்தது எங்கள் ஜீப் ஓட்டுநர். விடியற்காலை நாலரைக்குத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர். "அண்ணே, எனக்கும் முதுகு போய்விட்டது. உங்கள் பாட்டிலில் பத்துச் சொட்டு கொடுங்கள், பார்க்கிறேன்" என்றார். இரவு பதினொரு மணிக்கு எடுத்தால் நாலரைக்கு அது இறங்கியிருக்காது. பின்னால் பதினைந்து பெண்கள், முன்னால் கொண்டை ஊசி வளைவு. போதையில் வண்டி ஓட்டுவது குற்றம் என்பது ஒருபுறம், அளவாக எடுப்பவருக்கும் சிறுநீர்ச் சோதனையில் நாள்கணக்கில், தினமும் எடுப்பவருக்கு வாரக்கணக்கில்கூட அது தெரியும். அதோடு அவருடைய தம்பி மனநோய்க்கு மதுரையில் வைத்தியம் பார்த்தவர். மருத்துவர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது. தர மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு நானே பிசியோதெரபிக்கு அழைத்துக்கொண்டு போனேன். இருக்கையில் ஒரு மெத்தைத் துண்டு போட்டு, ஓட்டும் நிலையை மாற்றினார்கள். அவர் முதுகு இப்போது என் முதுகைவிடத் தேவலை.

எனக்கு என்ன பலன் என்று நேராகக் கேட்பவர்களுக்கு நோட்டைக் காட்டுகிறேன். ஆறு சொட்டில் நிறுத்தியிருக்கிறேன், கிட்டத்தட்ட இரண்டு மில்லிகிராம். எடுத்த இரவுகளில் நாலு மணிவரை தூங்குகிறேன். வலி பத்துக்கு ஏழாக இருந்தது ஆறாகியிருக்கிறது. அந்த ஒன்றும் எண்ணெயால் குறைந்ததா, தூக்கத்தால் குறைந்ததா, தினமும் காலையில் செய்கிற பயிற்சியால் குறைந்ததா என்று பிரிக்க முடியவில்லை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021இல், வலிக்குக் கஞ்சாப் பொருட்களைப் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்று அறிவித்ததை மருத்துவரே எனக்குப் படித்துக் காட்டினார். விற்கிறவர் ஒருவர் அதைச் சொன்னதால்தான் அவரிடம் தொடர்ந்து போகிறேன்.

தினமும் எடுத்தால் உடம்பு பழகிப்போய் அளவு கேட்கும் என்று வாரத்துக்கு மூன்று இரவாகக் குறைத்தோம். இப்போது ஏலம் நடக்கும் நாளுக்கு முந்தைய இரவு எடுப்பதில்லை, காய் விலை கேட்கும்போது தலை தெளிவாக இருக்க வேண்டும். சாவி கேட்டால் என் மனைவி முதலில் நோட்டைத்தான் கேட்கிறாள். இந்த மாதம் அதில் ஆறு வரிகள் இருக்கின்றன. பாட்டிலில் கால்வாசி மிச்சம், காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம்.